வழி கேட்காத டிரைவர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் தலைமை ஆசிரியரின் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். டிரைவர் சார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதையும் அவர் ஓட்டுகிற வேகத்தில் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். அந்த ஸ்கூட்டரை வைத்துத்தான் பிள்ளைகள் தன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியேதான் நினைத்தார். உண்மைக் காரணம் பள்ளியில் அத்தனை பேருக்கும் தெரியும், கேட்டைப் பூட்டித் திறக்கிற வாட்ச்மேன் உட்பட. வீட்டில் அவர் மனைவிக்கும் தெரியும். அவள் நினைத்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அது அவ்வளவு நல்ல சந்தோஷம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவளைத் தெருவில் எல்லாரும் மருந்தம்மா என்பார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்து, அவளும் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஜன்னல் என்றால் பெரிய ஜன்னல் இல்லை. ஒரு கை நுழைந்து சீட்டைக் கொடுத்து மாத்திரையை வாங்கிக்கொள்கிற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவள் பார்க்காத மனிதர்கள் இல்லை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லி அனுப்ப வேண்டியவள், "அப்புறம் உங்க மாப்பிள்ளை வந்தாரா, இல்லையா?" என்று கேட்டு வரிசையையே நிறுத்திவைத்துவிடுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் முணுமுணுத்த அதே ஆள், தன் முறை வந்ததும், தன் வீட்டுக் கதையில் பாதியாவது சொல்லாமல் நகர மாட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளியின் இப்போதைய தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். அவளும் சாரிடம் படித்தவள்தான். தலைமை ஆசிரியை ஆகி, கண்ணாடி போட்டு, தலை நரைக்க ஆரம்பித்த பிறகும், சார் எதிரில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"சார், புது ஹால் ரெடி. பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. நீங்கதான் வந்து திறக்கணும்."

"திறந்துட்டாப் போச்சு," என்றார் சார். மேடையில் பேசச் சொல்லாதவரைக்கும் அவர் எதற்கும் தயார்.

"ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க சார். கதையை நீங்க முடிச்சுக் கொடுக்கணுமாம்."

"எந்தக் கதை?"

"சார், விளையாடாதீங்க! பஸ் கதை! அந்த பஸ் எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியாமலே நாங்க எல்லாம் கிழடு தட்டிப் போயிடுவோம் போல இருக்கு."

சார் சிரித்தார். மருந்தம்மா உள்ளேயிருந்து டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவள் குனிந்து டம்ளரை வைக்கும்போதுதான் தலைமை ஆசிரியை அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"எப்படித்தான் சார் உங்களுக்கு அப்படி ஒரு கற்பனை! எங்க பேட்ச்ல இன்னைக்கும் அதைப் பத்தித்தான் பேசுவோம். அம்மா, நீங்க கொடுத்து வெச்சவங்க. வீட்லயே இப்படி ஒரு கதைசொல்லி."

மருந்தம்மா நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. அதை எடுக்கிற சாக்கில் பேச்சும் போய்விட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் வலிக்காத ஏதோ ஒன்று அன்றைக்கு வலித்தது.

ஏன் வலித்தது என்று தெரிய வேண்டுமானால் சாரின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

சார் அந்தப் பள்ளிக்கு வந்தது பூகோள ஆசிரியராக. அப்போதெல்லாம் ஓர் ஆசிரியர் லீவு போட்டால், அன்றைக்கு அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை அனுப்புவார்கள். காலையில் பியூன் ஒரு துண்டுச் சீட்டோடு ஆசிரியர் அறைக்குள் வருவார். அவர் தலை தெரிந்ததும் ஆளாளுக்கு எழுந்து கை கழுவப் போவார்கள். உட்கார்ந்து பேப்பர் திருத்தவோ, மூச்சு விடவோ கிடைக்கிற ஒரே ஒரு ஓய்வு வகுப்பு, அதுவும் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வயதில் இளையவர், கல்யாணமாகாதவர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர் என்று எல்லாத் தகுதியும் சாருக்கு இருந்ததால் சீட்டு நேராக அவரிடம்தான் வந்து நிற்கும். நாள் முழுக்கக் கத்தி, தொண்டை கட்டி, சாயங்காலம் வெந்நீரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நான் மட்டும் தலைமை ஆசிரியரானால் இந்தச் சீட்டு எவருக்கும் போகாது என்று அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

ஆனார். பெரிய சாமர்த்தியத்தால் அல்ல. தலைமை ஆசிரியர் அறையின் கூரை ஒழுகும், நாற்காலிக்கு நேர் மேலே. அவரைவிட மூத்தவர்கள் இருவர் அந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சார் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, அது இருந்த இடத்தில் வாளியை வைத்தார். வகுப்பறைக் கூரைகளை எல்லாம் சரி செய்து முடித்த பிறகுதான் தன் அறைக்கு ஆள் கூப்பிட்டார். அதற்குள் வாளி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது.

பிரம்புகளை எல்லாம் பள்ளித் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுக்க நட்டுவிட்டார். தினமும் காலையில் பிள்ளைகள் குடிக்கிற குழாயில் முதல் டம்ளர் தண்ணீரை அவர்தான் குடிப்பார். முகம் சுளித்தால் அன்றைக்குத் தொட்டியைக் கழுவுவார்கள். தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்தாமல் தன் அறையில் உட்காரவைத்து அட்லஸைக் கையில் கொடுப்பார். அந்த அட்லஸுக்காகவே வேண்டுமென்று தாமதமாக வந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு தடவை விடுமுறை நாளை மாற்றி அறிவித்துவிட்டு, அதை அவரே மறந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் தன்னந்தனியாக நின்று, பிள்ளைகள் யாரும் வரவில்லையே என்று கவலைப்பட்டார். பேச்சு மட்டும் அவருக்கு வரவே வராது. ஆண்டு விழாவில் ஒரே பேச்சைத்தான் வருஷாவருஷம் பேசுவார். கடைசி பெஞ்சு அதைக் கூடவே சேர்ந்து சொல்லும்.

துண்டுச் சீட்டு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் வேறு யாரையும் அனுப்பவில்லை. தானே போனார். கணக்கோ அறிவியலோ இலக்கியமோ, எதுவானாலும் சார்தான். அதில் இருந்த சிக்கல் முதல் நாளே தெரிந்துவிட்டது. பூகோளத்தைத் தவிர வேறு எதையும் அவரால் நடத்த முடியவில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு போடப் போய், தப்பாகப் போட்டு, பிள்ளைகள் திருத்த, திருத்தியதைத் திருத்தி, வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற நேரம். அவர்கள் வீட்டில் அது ஒரு ஏற்பாடு. அவள் கழுவுவாள், அவர் துடைத்து அடுக்குவார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, விடவே இல்லை.

"நாளைக்கும் அதே எட்டாம் கிளாஸ்தான்," என்றார் சார், ஒரு தட்டைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டு. "கணக்கு டீச்சர் இந்த வாரம் முழுக்க லீவு. என்னைப் பிச்சு எடுத்துடுவாங்க."

"ஒரு கதை சொல்லுங்க. பேசாம இருப்பாங்க."

"எனக்குக் கதை எங்க வரும்?"

அவளுக்கு அந்த வாரம் அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, வேறு ஊரில் அவளுடைய அக்கா குடிபோன புது வீட்டைப் பார்க்கப் போயிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "யாரையாவது கேட்டுட்டுப் போகலாம்," என்றாள் அவள். "வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். ஒரு முடிதிருத்தும் கடையைக் கடந்தார்கள். மறுபடியும் அதே கடையைக் கடந்தார்கள். அதற்கும் பிறகு கடந்தபோது கடைக்காரர் வெளியே வந்து சிநேகமாகக் கையசைத்தார். "கேளுங்களேன்," என்றாள் அவள். "பூகோள வாத்தியார் வழி கேட்டா ஊர் சிரிக்காதா?" என்றார் அவர். கால் வீங்கி, நா வறண்டு, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அக்கா ஏதோ வேலையாக வெளியே கிளம்பிப் போயிருந்தாள். இருவரும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தக் கோபத்தில்தான், சோப்பு நுரைக்குள் கையை வைத்துக்கொண்டு, மருந்தம்மா ஆரம்பித்தாள்.

"ஒரு பஸ். வழி தவறிப் போச்சு. டிரைவருக்கு வழி தெரியல. ஆனா தெரியலன்னு ஒத்துக்கவும் மாட்டாரு, கேக்கவும் மாட்டாரு. கண்டக்டர் 'கேட்டுடலாமே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அவரு காதுலயே வாங்காம ஓட்டிக்கிட்டே இருக்காரு."

"அப்புறம்?" என்றார் சார். தட்டு கையில் அப்படியே நின்றது.

அந்த 'அப்புறம்' அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிற்கவே இல்லை. தினமும் பாத்திரம் கழுவும்போது அவள் ஒரு துண்டு சொல்வாள். மறுநாள் அவர் அதை எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லையோ அங்கே கொண்டுபோய்ச் சொல்வார். மருந்து ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் நேரம் சொல்ல மறுக்கிற ஆள் ஏறினார். கோழியைப் பைக்குள் வைத்து, அது பூனை என்று சாதிக்கிற அம்மாள் ஏறினாள். தொண்டை கட்டிப்போன பாடகர் ஏறி எல்லாவற்றையும் கையால் பேசினார். எல்லாருக்கும் ஓர் இடத்துக்குப் போக வேண்டும். பஸ் அங்கே போகாது என்று யாருக்கும் தெரியாது, கண்டக்டரைத் தவிர.

பிள்ளைகள் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டார்கள். ஆசிரியர்களுக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கதையில் வருகிற டிரைவர், வெயிலைப் பார்த்துத் திசை சொல்வார், மூக்கைச் சொறிவார், 'எனக்குத் தெரியும்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். மருந்தம்மா இதை எல்லாம் அவர் எதிரில் நின்றே சொன்னாள். அவரும் அதை அப்படியே வகுப்பில் போய், மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார். தன்னைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இரண்டாவது நாளே எட்டாம் வகுப்புக்குப் புரிந்துவிட்டது. டிரைவர் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்ற அன்றோடு கதையும் நின்றது. கேட்க வகுப்பு இல்லாதபோது 'அப்புறம்' எதற்கு? பாத்திரம் கழுவுவதும் துடைப்பதும் மட்டும் தொடர்ந்தது. குழாய் சொட்டுகிறது, கேட்டுக்குக் கீல் மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் நிம்மதியான வாழ்க்கைதான். மகள் தூரத்து ஊரிலிருந்து போன் செய்வாள், இருவரும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள், உடம்புக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. குறை என்று சொல்ல அவளுக்கு எதுவும் இருக்கவில்லை, அந்த டீ டம்ளரை வைத்த நிமிஷம் வரைக்கும்.

தலைமை ஆசிரியை கிளம்பிப் போன பிறகு, அன்றைக்கும் அவர் பாத்திரம் துடைக்கிற துண்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"முடிவு என்ன?" என்றார்.

"எந்த முடிவு?"

"கதைக்குத்தான். நல்லதா ஒண்ணு சொல்லு. ஊரே வருதாம்."

"எனக்கு எப்படித் தெரியும்? அது சாரோட கற்பனையாச்சே."

சாருக்கு எது புரிந்தாலும் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரியும். ஒரு டம்ளரைத் துடைத்து வைத்தார். இன்னொன்றைத் துடைத்து வைத்தார். பிறகு, "அவங்களா அப்படி நினைச்சுக்கிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். தட்டை அடுக்குங்க," என்றாள் அவள்.

அடுத்த நாளிலிருந்து சார் தானே முடிவு கட்ட உட்கார்ந்தார். மண்டையை உடைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்த முதல் முடிவில் பஸ் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்து, பயணிகள் எல்லாருக்கும் போக்குவரத்துத் துறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. இரண்டாவதில் கோழி முட்டை போட்டது, அத்தோடு சரி. மூன்றாவதில் ஆறுகளும் மலைகளும் அவற்றின் உயரங்களும் வந்தன. அதை மகளுக்கு போனில் சொன்னார். "நல்லா இருக்குப்பா, ஆனா எனக்குத் தூக்கம் வருது. அம்மாகிட்ட கொடு," என்றாள் அவள்.

"அம்மா, பாவம்மா அப்பா. சொல்லிடேன்," என்றாள் மகள். பக்கத்து அறையில் பாடம் படிக்கிற மாதிரி உட்கார்ந்து அந்தக் கதை முழுவதையும் சமையலறைப் பேச்சிலிருந்தே ஒட்டுக்கேட்டு வளர்ந்தவள் அவள். பஸ் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? "உன்கிட்ட முடிவு இருக்குல்ல?"

"முதல் நாள்லேர்ந்தே இருக்கு. ஒரே ஒரு வரி."

"அப்புறம் என்ன? கேட்டாரே, சொல்ல வேண்டியதுதானே."

"கேட்டாரு. கிச்சன்ல, கதவைச் சாத்திட்டு. இத்தனை வருஷமா அங்கதான் கேட்டாரு. ஒரு தடவையாவது நாலு பேருக்கு முன்னாடி கேக்கட்டும், சொல்றேன்."

"அவரா? அவரு செத்தாலும் யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டாரும்மா!"

"அப்படின்னா பஸ் சுத்திக்கிட்டே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள் மருந்தம்மா. வீறாப்பாகத்தான் வைத்தாள். வைத்த பிறகு, இந்த வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. 'இது என் மனைவி சொன்னது' என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

திறப்பு விழா அன்று ஹால் நிரம்பி வழிந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மின்விசிறிகளில் பாதி சுற்றின. முன் வரிசையில் மருந்தம்மாவை உட்காரவைத்தார்கள். அவளைச் சுற்றி, தொந்தியும் வழுக்கையும் பேரன்பேத்தியுமாக, எட்டாம் வகுப்புகள் பல உட்கார்ந்திருந்தன. ஒரே சண்டை. சார் ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு வேறு துண்டைச் சொல்லி, எங்கே எதைச் சொன்னோம் என்று மறந்து குழப்பியிருந்ததால், ஒருவருக்குத் தெரிந்த கதை இன்னொருவருக்குத் தெரியாது.

"கோழி பாலத்துலயே இறங்கிடுச்சு," என்றார் ஒரு பல் டாக்டர்.

"யார் சொன்னது? எங்க பேட்ச்ல அது கடைசி வரைக்கும் பஸ்லதான் இருந்துச்சு," என்றாள் பின்னாலிருந்து ஒரு நர்ஸ்.

"கண்டக்டர் ஆம்பளையா பொம்பளையா? அதை முதல்ல சொல்லுங்கப்பா!" என்றார் மூன்றாவது ஆள்.

சார் மேடை ஏறினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வழக்கமான ஆண்டு விழாப் பேச்சின் முதல் வரியைச் சொன்னார். ஹால் முழுவதும் இரண்டாவது வரியைச் சேர்ந்து சொன்னது. சிரிப்பு அடங்கியதும் யாரோ, "சார், பஸ்!" என்று கத்தினார்கள்.

"பஸ்..." என்றார் சார். "பஸ் இப்ப ஒரு மலைப் பாதையில நிக்குது. எதிர்ல ரெண்டு ரோடு பிரியுது. பனி. ஒண்ணுமே தெரியல. டிரைவர் என்ன பண்ணாருன்னா..."

நின்றுவிட்டது. சாரின் காது மடல் சிவந்தது. அது மருந்தம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு. அக்கா வீட்டைத் தேடிச் சுற்றிய அன்று கடைசித் தெருவில் அந்தக் காது இப்படித்தான் சிவந்திருந்தது. அவர் மூக்கைச் சொறிந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும், "டிரைவர் என்ன பண்ணாருன்னா," என்றார்.

மருந்தம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெயராவது ஒன்றாவது, அவரை இப்படி நிற்கவிட்டுப் பார்க்க வேண்டுமா? போய்க் காதில் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒரே ஒரு வரிதானே. அவள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காரு," என்றார் சார், மைக்கிலேயே.

அவள் உட்கார்ந்தாள். ஹாலே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத் தெரியல," என்றார் சார். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வர அவர் பட்ட பாட்டை முன் வரிசை மட்டும்தான் பார்த்தது. "இந்தக் கதையில ஒரு வரிகூட என்னோடது இல்ல. நான் எங்க கதை சொன்னேன்? எனக்குக் கணக்கே ஒழுங்கா வரல, கதை எங்கேர்ந்து வரும்? தினமும் சாயங்காலம் வீட்ல பாத்திரம் தொடைக்கும்போது இவங்கதான் சொல்லுவாங்க. நான் மறுநாள் உங்ககிட்ட வந்து ஒப்பிப்பேன். நீங்க கை தட்டுவீங்க. நான் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவேன். அதைக் கொண்டுபோய் அவங்ககிட்ட கொடுக்கணும்னு ஒரு நாளும் எனக்குத் தோணல. அன்னைக்குக்கூட, வீட்டுக்கு வந்து கதையைப் புகழ்ந்து பேசினப்ப, வாயைத் தொறக்காம டீயைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பிறகு அவர் மேடை நுனிக்கு வந்தார். மைக் கம்பி இழுத்து நிறுத்தியது. மைக்கை அங்கேயே விட்டுவிட்டு, இன்னும் ஓர் அடி முன்னால் வந்து, சமையலறையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஏம்மா, இப்ப பஸ் எந்தப் பக்கம் திரும்பணும்?"

மருந்தம்மா எழுந்து நின்றாள். மருந்து ஜன்னலில் இத்தனை வருஷம் வரிசையைச் சமாளித்தவளுக்குக் குரல் எழும்பாதா?

"எந்தப் பக்கமும் திரும்ப வேணாம்," என்றாள், ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. கீழ இறங்கி, யாரையாவது வழி கேக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான் கதை."

கூரை அதிர்ந்தது. பல் டாக்டர் எழுந்து நின்று தொடையில் தட்டிச் சிரித்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் மட்டும் புரியாமல் நின்றார். ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர் துடைக்கிற நேரம் ஆனது. அவர் கை மெதுவாக மூக்குக்குப் போய், பாதி வழியில் நின்றது.

"அப்போ அந்த டிரைவர்..."

"நீங்கதான் சார்!" என்றது ஹால்.

"இத்தனை வருஷமா?"

"முதல் நாள்லேர்ந்தே சார்!"

சார் இடுப்பில் கைவைத்து மனைவியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அசடு வழிய, தோள் குலுங்க, அவர் அப்படிச் சிரித்து அவளே பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கூட்டம் முழுக்க மருந்தம்மாவைச் சூழ்ந்துகொண்டது. கோழி இறங்கியதா என்று கேட்டார்கள். "இறங்கல. இன்னும் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு," என்றாள். கடிகாரக்காரர் கடைசியில் நேரம் சொன்னாரா என்று கேட்டார்கள். "அவரு கடிகாரம் ஓடவே இல்ல. அதனாலதான் சொல்லல," என்றாள். கண்டக்டர் ஆணா பெண்ணா என்று தலைமை ஆசிரியை கேட்டாள். "பொண்ணுதான். முதல்லேர்ந்தே பொண்ணுதான். இவரு நடுவுல மாத்திட்டாரு போல," என்று சொல்லிவிட்டு மருந்தம்மா மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சார் அங்கே அநாதையாக ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போனார்கள். சார் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. கோபமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. தினமும் பாலும் ரொட்டியும் வாங்குகிற கடை. கடைக்காரரும் பழைய எட்டாம் வகுப்புதான். கடையைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்திருந்தார், அப்போதுதான் திரும்பி வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். சார் அங்கே போய் ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சட்டையைச் சரி செய்துகொண்டு கடைக்காரரிடம் போனார்.

"தம்பி, ஒரு வழி கேக்கணும். மருந்தம்மா வீடு எங்க இருக்கு?"

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பின்னால் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற மருந்தம்மாவைப் பார்த்தார். சிரிப்பை உதட்டுக்குள் மென்று விழுங்கினார்.

"நேரா போங்க சார். இடது கைப் பக்கம், நீல கேட்டு. கீல் கொஞ்சம் ஆடும், பாத்துத் தொறங்க."

"ரொம்ப நன்றி தம்பி."

திரும்பி வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். கிளம்பவில்லை, மறுபடியும் உதைத்தார். மருந்தம்மா பின்னால் ஏறி, சிரிப்பை அடக்க முடியாமல் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிப்போடு கொஞ்சம் கண்ணீரும் சட்டையை நனைத்தது.

"சரியாத்தான் சொல்றாரா? இல்ல, எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட கேட்டுடவா?" என்றார் சார்.

"போதும், கேட்டாச்சுல்ல," என்றாள் அவள். "வண்டிய எடுங்க."